இரண்டு மேசைகளுக்கு நடுவே

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் அறுவை அரங்கில் டாக்டர் அதிகம் நடப்பதில்லை. அவருக்கு ஒரு சுழல் இருக்கை, இரு பக்கமும் இரண்டு மேசைகள், நடுவில் ஒரு நுண்ணோக்கி. இடப்பக்கம் படுத்திருப்பவருக்குப் புரையை எடுத்து லென்ஸ் வைத்து முடிக்கிற நேரத்தில், வலப்பக்கம் அடுத்தவர் மரத்துப்போக ஊசி போட்டு, கண்ணைச் சுத்தம் செய்து, துணி போர்த்தித் தயாராக இருப்பார். நுண்ணோக்கியின் கை அந்தப் பக்கம் திரும்பும். டாக்டரும் திரும்புவார். ஒரு மணி நேரத்தில் 6 முதல் 8 பேருக்கு இப்படிப் பார்வை திரும்பிவிடுகிறது.

முதன்முதலில் இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. கண் என்ன இட்லியா, ஈடு ஈடாக அவித்து எடுக்க?

யோசித்துப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. பழகிய கைக்குப் புரை அறுவைச் சிகிச்சையின் முக்கியப் பகுதி ஐந்து நிமிட வேலை. வழக்கமான அரங்கில் மீதி நேரமெல்லாம் எங்கே போகிறது? முந்தைய நோயாளியை இறக்க, அடுத்தவரை ஏற்ற, கருவிகளை மாற்ற, கேஸ் ஷீட்டைத் தேட. அந்த நேரம் முழுக்க, பத்து வருடம் படித்துத் தேறிய ஒரு ஜோடிக் கைகள் சும்மா இருக்கின்றன. ஒரு நாட்டில் கண் டாக்டர்கள் குறைவு, புரை விழுந்தவர்கள் லட்சக்கணக்கில் என்றால், அங்கே விலைமதிப்புள்ள பொருள் அந்தக் கைகளின் நேரம்தான். அரவிந்தில் ஒரு டாக்டர் ஆண்டுக்கு 2,000 அறுவை வரை செய்கிறார். அவர் அவசரப்படுவதில்லை, அவரைக் காத்திருக்க வைக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

கண்ணின் மணிக்குப் பின்னால் இருக்கும் இயற்கை லென்ஸ் ஒரு விசித்திரமான உறுப்பு. அதற்கு ரத்தக் குழாய் கிடையாது. அதன் நார்களில் நிறைந்திருக்கும் கிரிஸ்டலின் என்ற புரதங்கள் நாம் கருவில் இருக்கும்போது உருவானவைகூட அப்படியே இருக்கும். தோல் உரிந்து புதுத்தோல் வருவதுபோல அவை மாற்றப்படுவதில்லை. அறுபது எழுபது வருடம் வெயிலையும் ரசாயன மாற்றங்களையும் தாங்கிய புரதங்கள் மெல்ல ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகச் சேர்கின்றன. பாலில் நீர்தான் அதிகம். ஆனாலும் அதில் மிதக்கும் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் அது வெள்ளையாகத் தெரிகிறது அல்லவா? புரையும் அப்படித்தான். சர்க்கரை நோயும் புகையிலையும் இதை விரைவுபடுத்தும்.

“புரை இன்னும் முத்தலை, முத்தட்டும்” என்று பெரியவர்கள் சொல்வதில் ஒரு காலத்தில் அர்த்தம் இருந்தது. அன்றைய அறுவையில் லென்ஸை அதன் உறையோடு முழுதாக வெளியே எடுத்துவிடுவார்கள். உள்ளே வைக்க எதுவும் இல்லை. அதற்குப் பதிலாக சோடாபுட்டிக் கண்ணாடி. போட்டால் எல்லாமே கால் பங்கு பெரிதாகத் தெரியும், ஓரப்பார்வை போய்விடும், படியிறங்கக் கால் தடுமாறும். கண்ணாடி உடைந்தால் மறுபடி குருடுதான். இந்த நிலைமையைவிட அரைகுறைப் பார்வையே மேல் என்று தோன்றும் வரை காத்திருப்பது புத்திசாலித்தனம்தான். லென்ஸ் வைக்கும் முறை வந்த பிறகு அந்தப் புத்திமதி காலாவதியாகிவிட்டது. மிகவும் முத்திய புரை கல் போல இறுகி அறுவையைக் கடினமாக்கும்; சில சமயம் உள்ளேயே கசிந்து கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். ஆனால் சொல் மட்டும் இன்னும் திண்ணைகளில் உலவுகிறது.

கண்ணுக்குள் லென்ஸ் வைக்கலாம் என்ற யோசனை வந்த விதமே ஒரு கதை. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் போர் விமானங்களின் மேல்மூடி உடைந்து, அதன் பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் பாய்ந்தன. அவர்களுக்குச் சிகிச்சை அளித்த ஹெரால்ட் ரிட்லி, அந்தச் சில்லுகள் கண்ணுக்குள் கிடந்தும் பெரிதாக எந்தத் தொந்தரவும் செய்யாததைக் கவனித்தார். பிறகு ஒருநாள் அவருடைய புரை அறுவையை வேடிக்கை பார்த்த மருத்துவ மாணவர் ஒருவர், எடுத்த லென்ஸுக்குப் பதிலாக வேறொன்றை வைக்க மாட்டீர்களா என்று கேட்டார். அந்தக் கேள்விதான் பொறி. 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ரிட்லி முதல் செயற்கை லென்ஸை வைத்தார். கண்ணிலிருந்து அந்நியப் பொருளை எடுப்பதே தொழில். இவர் உள்ளே வைக்கிறாரே என்று சக மருத்துவர்கள் கொதித்தார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்த யோசனை ஓரமாகக் கிடந்தது. பின்னாளில் ரிட்லிக்கே புரை விழுந்தது. அதே மருத்துவமனையில் அவருடைய கண்களுக்கும் லென்ஸ் வைத்தார்கள். சர் பட்டம் 2000இல் வந்தது. அடுத்த வருடம் இறந்துபோனார்.

இதில் எனக்குப் பிடித்தவர் அந்த மாணவர். துறையில் ஊறியவர்களுக்குத் தோன்றாத கேள்வி, வேடிக்கை பார்க்க வந்தவருக்குத் தோன்றியது. புரையை மீயொலியால் பொடித்து உறிஞ்சும் முறையும் 1960களில் இப்படித்தான் பிறந்தது. நியூயார்க் டாக்டர் சார்லஸ் கெல்மன் பல் சுத்தம் செய்துகொள்ளப் போய், பல் டாக்டரின் மீயொலிக் கருவியைப் பார்த்து, இதையே கண்ணில் வைத்தால் என்ன என்று யோசித்தார்.

அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கிய மதுரைக்காரர் யோசனையைக் கடன் வாங்கிய இடம் இன்னும் எதிர்பாராதது.

எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் அயன்வடமலாபுரம் கிராமத்தில் 1918இல் பிறந்தவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. உறவுப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்துப் பிரசவ மருத்துவராக ஆசைப்பட்டார். சென்னை ஸ்டான்லியில் 1944இல் படிப்பை முடித்து, ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அங்கேதான் முடக்குவாதம் அவரைப் பிடித்தது. விரல்கள் கோணலாக முறுக்கிக்கொண்டன. நீண்ட நாள் படுக்கை. பேனாவைக்கூடப் பிடிக்க முடியாத கையோடு பிரசவம் பார்க்க முடியாது. கண் மருத்துவத்துக்கு மாறினார். தன் விரலுக்கு ஏற்ற மாதிரி கருவிகளை அமைத்துக்கொண்டு, அந்தக் கோணல் விரல்களால் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கண் அறுவைகளைச் செய்தார். மதுரை அரசு மருத்துவமனையில் இருபது வருடம் வேலை. 1960களில் கிராமம் கிராமமாகக் கண் முகாம்.

1976இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு. மற்றவர்கள் ஈஸிசேர் வாங்குகிற வயதில், அவர் மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கினார். தங்கை நாச்சியார், அவர் கணவர் நம்பெருமாள்சாமி, தம்பி சீனிவாசன் என்று குடும்பமே இறங்கியது. வங்கிகள் கைவிரித்தன, வீட்டு நகைகள் அடகுக்குப் போயின. ஆறு படுக்கை இலவசம், ஐந்து கட்டணம். ஐந்திலிருந்து வரும் வருமானம் ஆறையும் தாங்க வேண்டும்.

அவர் வியந்து பார்த்தது அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடையை. பர்கர் மேல் ஆசைப்பட்டல்ல. எந்த ஊர்க் கிளைக்குப் போனாலும் ஒரே தரம், ஒரே வேகம், கட்டுப்படியாகும் விலை. அதைச் செய்பவர்கள் பெரிய சமையல்காரர்களும் இல்லை, பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண இளைஞர்கள். பர்கருக்குச் செய்ய முடிந்ததைப் பார்வைக்குச் செய்ய முடியாதா என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்திருக்கக்கூடும். நானும் சிரித்திருப்பேன். ஸ்ரீ அரவிந்தரின் பக்தர், தன் மருத்துவமனைக்கே அவர் பெயரை வைத்தவர், உதாரணத்துக்குப் போய் நின்றது ஒரு துரித உணவுக் கடையில்!

தலைமை என்றதும் மேடையில் மைக் பிடித்திருப்பவர் நினைவுக்கு வருகிறார். டாக்டர் வி என்று ஊழியர்கள் அழைத்த இவர் செய்தது, பெரும்பாலும் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தது. எந்தத் துண்டுக்கு டாக்டர் கட்டாயம் வேண்டும், எதற்கு வேண்டாம்? பார்வை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, லென்ஸின் பவரைக் கணக்கிடுவது, அரங்கில் கருவி எடுத்துக்கொடுப்பது, நோயாளியைக் கைப்பிடித்து நடத்துவது: இத்தனையும் வேறு ஒருவர் கற்றுக்கொண்டு திறம்படச் செய்யக்கூடியவை. அந்த வேறு ஒருவர், பள்ளிப்படிப்பு முடித்த கிராமத்துப் பெண். இரண்டு வருடப் பயிற்சி கொடுத்து அவர்களை எடுத்தார்கள். இன்று அரவிந்த் ஊழியர்களில் பெரும்பகுதி அவர்கள்தான்.

இந்த மருத்துவமனையைப் பற்றி ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993இல் பாடம் எழுதியது, மேலாண்மை அறிஞர் சி.கே. பிரகலாத் தன் புத்தகத்தில் எழுதினார். உலகம் முழுக்க மேலாண்மை மாணவர்கள் படிக்கிறார்கள். படித்த வரையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கதையின் வெளிச்சம் எல்லாம் நிறுவனர் மேல் விழுகிறது. இரண்டு மேசைக்கும் நடுவே டாக்டர் திரும்பும்போது, திரும்பிய பக்கம் எல்லாம் தயாராக இருக்கிறதே, அதைத் தயாராக வைத்தது ஒரு விவசாயக் கூலியின் மகளாக இருக்கலாம். அவள் ஒரு நாளில் நூறு கண்களைச் சுத்தம் செய்திருப்பாள். ஒரு பக்கத்தில் இரண்டு வரிக்கு மேல் அவளைப் பற்றி எழுத யாருக்கும் தோன்றுவதில்லை.

வேகம் கூடினால் தரம் குறையும் என்பது நம் அனுபவ அறிவு. இங்கே அது தலைகீழாக இருக்கக் காரணம் உண்டு. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கை தேர்கிறது. எண்ணிக்கை பெரிதாக இருப்பதால் அரிதாக நேரும் தவறும் கண்ணில் படுகிறது. புரை அறுவைக்குப் பிறகு கண்ணுக்குள் கிருமி தொற்றுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே நேரும். சிறிய மருத்துவமனையில் இப்படி ஒன்று நேர்ந்தால் அது விதி. காரணம் கண்டுபிடிக்க முடியாது. அரவிந்த் 6 லட்சத்துக்கும் அதிகமான அறுவைகளின் பதிவுகளை அலசி 2017இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை முடிவில் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைச் செலுத்தினால் தொற்று 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாகக் குறைகிறது என்று தெரிந்தது. அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு, அரவிந்தில் ஒரு புரை அறுவைக்கு வெளியாகும் கரியமில வாயுவின் அளவு பிரிட்டனில் ஆவதில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான் என்று கணக்கிட்டது. மேலை மருத்துவமனைகள் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிவதில் பலவற்றை இவர்கள் சுத்திகரித்து மறுபடி எடுத்துக்கொள்கிறார்கள். சிக்கனம் வறுமையிலிருந்து வந்தது, பூமிக்கும் நல்லதாகிப்போனது.

லென்ஸ் விஷயத்திலும் வறுமைதான் முடுக்கியது. 1990களின் தொடக்கத்தில் வெளிநாட்டு லென்ஸ் ஒன்று நூறு டாலர் அளவில் விற்றது. பணம் கட்டும் நோயாளிக்கு லென்ஸ், இலவச நோயாளிக்கு சோடாபுட்டி என்று பிரிப்பது டாக்டர் விக்கு ஒப்பவில்லை. அமெரிக்காவின் சேவா அமைப்பும் டேவிட் கிரீன் என்பவரும் கைகொடுக்க, 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் ஆலை தொடங்கியது. விலை பத்து டாலருக்கு வந்தது, பிறகு அதற்கும் கீழே போனது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு மதுரை லென்ஸ் போகிறது.

இத்தனையும் இருந்தும், ஆள் வர வேண்டுமே.

என் பெரியம்மாவுக்குப் புரை என்று தெரிந்து மூன்று வருடம் அவர் எந்த முகாமுக்கும் போகவில்லை. வேன் வருகிறது, சாப்பாடு போடுகிறார்கள், கண்ணாடிகூட இலவசம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு ஆட்டோ தெருவில் போகும். “கண்ணுல கத்தி வைக்கவா? போடா” என்பார். ஒருநாள் அவராகவே கிளம்பினார். எதிர்வீட்டு பேச்சியக்கா ஆபரேஷன் முடிந்து வந்து ஊசியில் நூல் கோத்துக் காட்டினார், அதுதான் காரணம்.

என் பெரியம்மா மட்டும் இப்படி இல்லை. மதுரை வட்டாரக் கிராமங்களில் நடத்தி 1991இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, மக்களை அறுவைக்கு வரவழைக்கும் பல வழிகளை ஒப்பிட்டுப் பார்த்தது. ஏற்கெனவே அறுவை செய்துகொண்ட ஒருவர் வீடு வீடாகப் போய்ப் பேசுவதும், பஸ், சாப்பாடு உட்பட முழுச் செலவையும் மருத்துவமனையே ஏற்பதும் நல்ல பலன் தந்தன. சிகிச்சை இலவசம் என்றால் போதும் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் கூலி போவதைக் கணக்கில் எடுப்பதில்லை. 1999இல் வந்த இன்னொரு ஆய்வு அரவிந்துக்கே குட்டு வைத்தது: கண் குறை உள்ள பெரியவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் 7 சதவீத அளவுதான். பயம், பணம், வீட்டில் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, இந்த வயசில் பார்வை எதற்கு. இப்படி வெவ்வேறு காரணங்கள். முகாம்களால் உலகப்புகழ் பெற்ற ஒரு நிறுவனம், முகாம் போதாது என்று தன் கணக்கை வைத்தே ஒப்புக்கொண்டது. நான் இதை அதன் மிகப் பெரிய தலைமைச் செயலாகப் பார்க்கிறேன்.

எதிர்வீட்டு அக்காவின் இடத்தை இன்று வாட்ஸ்அப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எங்கள் குடும்பக் குழுவில் “ஆபரேஷன் இல்லாமல் சொட்டு மருந்தில் புரை கரையும்” என்ற செய்தி வருடத்துக்கு ஒருமுறையாவது தலைகாட்டும். அதற்கு ஒரு மூலமும் உண்டு. லானோஸ்டிரால் என்ற பொருள் நாய்களின் கண்புரையைத் தெளிவாக்கியது என்று 2015இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. பின்னர், மனிதக் கண்ணிலிருந்து எடுத்த புரையை அதே பொருளில் ஊறப்போட்டுப் பார்த்தார்கள், கரையவில்லை. முதல் செய்தி தொலைபேசி தொலைபேசியாகப் பாய்ந்தது. இரண்டாவதை யாரும் எனக்கு அனுப்பவில்லை. நம்பகமானவர் முகம் பார்த்துச் சொன்னால் கேட்கும் அதே மனம்தான், அனுப்பியவர் மாமா என்பதால் இதையும் நம்புகிறது. வழி ஒன்றுதான்; பேச்சியக்காவின் கையில் ஊசியும் நூலும் இருந்தன, மாமாவின் கையில் எதுவும் இல்லை.

7 சதவீதக் கணக்குக்கு அரவிந்த் கண்ட விடை, பார்வை மையங்கள். சிற்றூரில் இரண்டு அறை, பயிற்சி பெற்ற ஒரு பெண், ஒரு கணினி. அவர் கண்ணைச் சோதித்துப் படத்தை அனுப்புவார். நகரத்து மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் திரையில் நோயாளியோடு பேசுவார். 2000களின் நடுவில் கிராமத்தில் இணையம் ஏது? கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேனி மருத்துவமனையில் உயரக் கம்பம் நட்டு, வீட்டுக்குள் எட்டும் சாதாரண வைஃபையை மாற்றி அமைத்துப் பல கிலோமீட்டர் தாண்ட வைத்தார்கள். இன்று அத்தகைய மையங்கள் நூறைத் தாண்டிவிட்டன.

அடுத்து வந்தது செயற்கை நுண்ணறிவு. சர்க்கரை நோய் விழித்திரையின் நுண்குழாய்களைக் கெடுப்பது வலியில்லாமல் நடக்கும், தெரியும்போது தாமதமாகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்த்தால் போதும், ஆனால் கோடிக்கணக்கான படங்களை யார் பார்ப்பது? கூகுள் ஆய்வாளர்கள் அமெரிக்கப் படங்களோடு அரவிந்த், சங்கர நேத்ராலயா, நாராயண நேத்ராலயா மருத்துவமனைகளின் படங்களையும் சேர்த்து 1,28,175 படங்களைக் கணினிக்குக் காட்டினார்கள். அவற்றை 54 கண் மருத்துவர்கள் முன்பே தரம் பிரித்திருந்தார்கள். 2016இல் முடிவு வந்தது: நோயைக் கண்டுபிடிப்பதில் கணினி மருத்துவர்களுக்கு இணையாக நின்றது. பிறகு விழித்திரைப் படத்திலிருந்தே ஒருவர் ஆணா பெண்ணா என்றுகூடச் சொன்னது. அதைக் கண் டாக்டர்களால் சொல்ல முடியாது. படத்தில் எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறது என்று டாக்டர்கள் யோசிக்கத் தொடங்கினார்கள்.

அதே வகைக் கருவியைத் தாய்லாந்தில் 11 கிளினிக்குகளில் பயன்படுத்திப் பார்த்ததை விவரிக்கும் ஆய்வு 2020இல் வந்தது. ஆய்வகத்தில் அசத்திய கணினி, அங்கே வந்த 1,838 படங்களில் 21 சதவீதத்தை “தெளிவில்லை” என்று தள்ளிவிட்டது. பல கிளினிக்குகளில் இருட்டறை இல்லை; வெளிச்சத்தில் எடுத்த படம் மங்கலாக வந்தது. இணையம் இழுத்து இழுத்து வந்தது. படம் தேறாதவர்களை வேறு ஊர் மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள்; அவர்களுக்கு ஒரு நாள் கூலி போயிற்று. செவிலியர்கள் தங்களால் முடிந்த வரை சமாளித்தார்கள்.

பேச்சியக்காவைப் பார்த்துக் கிளம்பிய பெரியம்மாவுக்குக் கட்டு பிரித்த மறுநாள் முகாம் வேன் ஊர்த்திருப்பத்தில் இறக்கிவிட்டது. கறுப்புக் கண்ணாடி, கையில் சொட்டு மருந்துப் பை. ஆலமரத்தடியில் உட்கார்ந்திருந்த நான்கைந்து பேர், நலம் விசாரிப்பதற்கு முன்பே ஒன்றைத்தான் கேட்டார்கள்: “வலிச்சுதா அக்கா?” பெரியம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எதிரே நின்றவரைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். “ஒனக்கு இம்புட்டு நரைச்சிருச்சா?” என்றார். அடுத்த மாத முகாமுக்கு அந்த மரத்தடியிலிருந்து மூன்று பேர் போனார்கள்.